ஆள் லோடாகும் இடம்

கப்பலூர் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் ஒரு டீக்கடை. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பாய்லர் கொதித்துவிடும். போன கார்த்திகையில் ஒரு நாள் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது சுற்றுச்சாலைப் பக்கமிருந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து ஓரம் கட்டியது. பின்னால் பெண்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். மடியில் தூக்குவாளி, காலடியில் களைக்கொத்து, காதை மூடித் தலையில் சுற்றிய துண்டு. கள்ளிக்குடிப் பக்கம் களையெடுக்கப் போகிறவர்கள். டிரைவர் டீயை வாங்கிப் பாதி குடித்திருப்பார். தூரத்தில் ரோந்து ஜீப்பின் நீல விளக்கு தெரிந்தது. கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து, பக்கப்பலகையில் இரண்டு தட்டு தட்டினார். “எல்லாரும் குனிஞ்சுக்கங்க.”

பத்தொன்பது தலைகளும் ஒரே நேரத்தில் பலகைக்குக் கீழே போயின. யாரோ உள்ளிருந்தே தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஜீப் கடந்துபோக அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடமும் அது வெறும் சரக்கு வண்டி. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு தூக்குவாளி மூடி மட்டும் டணடணவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு ஆள் எந்த இடத்தில் லோடு ஆகிறார்? இந்தக் கேள்வியோடுதான் இரண்டு விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்று நம் நாட்டில், உத்தரப்பிரதேசத்தின் ஔரையா மாவட்டத்தில், 2020 மே 16 அன்று நடந்தது. மற்றொன்று அமெரிக்கா–மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஹோல்ட்வில் என்ற சிற்றூரில், 2021 மார்ச் 2 அன்று. இரண்டுக்கும் இடையே பத்து மாதம்கூட இல்லை. ஒன்றில் இறந்தவர்கள் சொந்த நாட்டுக் குடிமக்கள். மற்றதில் இறந்தவர்கள் வேலியின் ஓட்டை வழியே அடுத்த நாட்டுக்குள் வந்தவர்கள். ஒப்பிடத் தகுமா என்று முதலில் எனக்கே தயக்கமாக இருந்தது. படிக்கப் படிக்க, வித்தியாசங்களைவிட ஒற்றுமைகள்தான் என்னைக் கலங்கடித்தன.

கப்பலூர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆக்ரா வரும். அங்கே கல்கத்தாப் பக்கம் திரும்பும் 19ஆம் எண் சாலையில்தான் ஔரையா இருக்கிறது. அன்று பின்னிரவு மூன்று, மூன்றரை மணி. டெல்லிப் பக்கமிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மத்தியப்பிரதேசத்துக்குப் போன ஒரு லாரி, டீ குடிப்பதற்காகச் சாலையோரம் ஒரு தாபா அருகே நின்றிருந்தது. சிலர் இறங்கியிருந்தார்கள். ராஜஸ்தானிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகளோடு வந்த ஒரு டிரெய்லர் பின்னாலிருந்து அதில் மோதியது. டிரெய்லரின் மூட்டைகள் மேல் ஜார்கண்டின் பொகாரோ, வங்கத்தின் புருலியா, பீகார் என்று கிழக்கே ஊர் திரும்பும் தொழிலாளர்கள் உட்கார்ந்தும் படுத்தும் வந்தார்கள். மோதிய வேகத்தில் வண்டி கவிழ, மூட்டைகள் அவர்கள் மேல் சரிந்தன. 24 பேர் அங்கேயே இறந்தார்கள். காயம்பட்டவர்களில் சிலர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அவர்களுக்கு அடியில் கிடந்து அவர்களைச் சுமந்துவந்த லோடே கடைசியில் அவர்களை அழுத்தியது.

ஹோல்ட்வில், கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்து பாலைவனத்தைக் காய்கறித் தோட்டமாக்கிய பூமி. உலகத்தின் கேரட் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். நம் திருமங்கலம் சமவெளியைப் போலத் தட்டையான நிலம், நேர்கோடாகப் போகும் சாலைகள், வயல்களுக்கு நடுவே சந்திப்புகள். அங்கே 115ஆம் எண் மாநிலச் சாலையை ஒரு ஊர்ச்சாலை வெட்டும் இடத்தில், காலை ஆறேகால் மணி அளவில், 1997ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் வண்டி ஒன்று, ஜல்லி ஏற்றும் இரட்டை டிரெய்லர் லாரிக்கு முன்னால் வந்துவிட்டது. லாரி அதன் இடப்பக்கத்தில் அடித்தது. எட்டு ஒன்பது பேருக்கு மேல் உட்கார முடியாத அந்த வண்டிக்குள் 25 பேர் இருந்தார்கள். டிரைவர் சீட்டும் அதற்குப் பக்கத்துச் சீட்டும் தவிர எல்லா இருக்கைகளையும் கழற்றி எடுத்திருந்தார்கள். 12 பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் ஆஸ்பத்திரியில். மொத்தம் 13. அவர்களில் டிரைவரும் ஒருவர். 10 பேர் மெக்சிகோக்காரர்கள்.

விசாரணையில் தெரியவந்தது: எல்லை வேலியில் பத்தடி அகலத்துக்கு வெட்டி எடுத்த ஓட்டை வழியே அன்று விடியலில் இரண்டு வண்டிகள் உள்ளே வந்திருக்கின்றன. இன்னொரு வண்டியில் 19 பேர். அது நெடுஞ்சாலை அருகே தீப்பிடித்தது. நல்லவேளையாக எல்லாரும் தப்பி வெளியே வந்து எல்லைக் காவல் படையிடம் பிடிபட்டார்கள். விபத்து நடந்த சந்திப்பு எல்லையிலிருந்து 16 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஏறக்குறைய கப்பலூரிலிருந்து மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தூரம்தான்.

இரண்டு விபத்துகளையும் இணைக்கும் முடிச்சு 2020 மார்ச் மாதத்தின் ஒரே ஒரு வாரத்தில் இருக்கிறது. மார்ச் 20 வாக்கில் அமெரிக்க அரசு, 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கும் ஓர் அதிகாரத்தை எடுத்து, எல்லைக்கு வருகிறவர்களை அடைக்கலம் கேட்கவும் விடாமல் உடனே திருப்பி அனுப்பத் தொடங்கியது. நோய் பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். டைட்டில் 42 என்று பேர்பெற்ற அந்த உத்தரவு 2023 மே வரை நீடித்தது. அது தொடங்கி நான்கைந்து நாளில், மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நம் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுவதையும் பூட்டினார். நான்கு மணி நேர அவகாசம். ரயில் இல்லை, பஸ் இல்லை. மாநில எல்லைகளில் தடுப்பு வைத்தார்கள். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு இந்தியா முழுக்கத் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு, பொகாரோக்காரருக்கு ராஜஸ்தான் எல்லை நிஜமான எல்லை ஆனது.

கதவை மூடினால் ஆள் நின்றுவிடுவார் என்று இரண்டு அரசுகளும் நம்பின. பசித்தவர் நிற்பாரா? கூலி நின்றுபோன ஊரில், வாடகை கேட்கும் வீட்டில், எத்தனை நாள் இருப்பார்? நம்மவர்களும் இதில் இருந்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து நடந்தே ஊருக்குப் புறப்பட்ட நாமக்கல் இளைஞர் ஒருவர் ஏப்ரல் தொடக்கத்தில் செகந்திராபாத் வரை வந்து, அங்கே ஒரு தங்குமிடத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் அந்த நாட்களில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர்! முறுக்குக் கம்பெனிக்கு என்று வடக்கே போன பிள்ளைகள் எந்த ஊரில், எந்த ஷெட்டில் அடைந்துகிடக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளி என்றதும் நம் மனதில் வடநாட்டு முகம் மட்டும் வருகிறது. அது சரியில்லை என்று மதுரைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 1 அன்றுதான் முதல் சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. அதற்குப் பிறகும் பேர் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வராதவர்கள் லாரியைப் பிடித்தார்கள். மே 2 அன்று இந்தூர் அருகே போலீசார் ஒரு கான்கிரீட் கலவை லாரியை நிறுத்தி, அதன் உருளைக்குள் பார்த்தால் உள்ளே 18 பேர். மகாராஷ்டிரத்திலிருந்து லக்னோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜல்லியும் சிமெண்டும் சுழல்கிற அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்த காட்சியை நாடே பார்த்தது. ஆட்கடத்தல் என்று நாம் வெளிநாட்டுச் செய்திகளில் படிக்கும் காட்சியேதான். இங்கே கடத்திக்கொண்டு போனவர் என்று எவரும் இல்லை. அவரவர் தம்மைத் தாமே தம் ஊருக்குக் கடத்திக்கொண்டார்கள்.

சொற்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மெக்சிகோ எல்லையில் ஆள் கடத்துகிறவருக்குப் பொல்லேரோ என்று ஒரு பெயர் உண்டு. கோழி மேய்ப்பவர், கோழி விற்பவர் என்று பொருள். கடத்தப்படுகிறவர்கள் பொல்லோஸ், கோழிகள். நம் ஊரில் ஏஜென்ட் ‘தலைக்கு இவ்வளவு’ என்கிறார், லாரி டிரைவர் ‘லோடு’ என்கிறார். ஆளைத் தலைக் கணக்காகச் சொல்லத் தொடங்கிய உடனே வண்டிக்குள் இருக்கும் சீட்டு ஒரு இடைஞ்சலாகிவிடுகிறது. ஒரு சீட்டைக் கழற்றினால் மூன்று தலை கூடும். ஹோல்ட்வில் வண்டியில் நடந்தது இதுதான். இருக்கை போனால் பெல்ட்டும் போயிற்று. 25 பேரின் எடை ஏறிய வண்டிக்குப் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், ஸ்டீயரிங் டிரைவர் பேச்சைக் கேட்காது. மோதும்போது ஒவ்வொரு உடம்பும் அடுத்த உடம்பின் மேல் எறியப்படும் கல்லாகிவிடும். ஔரையாவில் சீட்டைக் கழற்றும் வேலைகூட இல்லை. அது முதலிலேயே சரக்கு வண்டி.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமாகப் போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் நம்மவர்களுடையது. 1995 ஜூலையில் ஹங்கேரியின் ஜியோர் நகருக்கருகே ஒரு லாரிப் பெட்டிக்குள் 18 இலங்கைத் தமிழர்கள் மூச்சுத் திணறி இறந்துகிடந்தார்கள். போருக்குத் தப்பி மேற்கே போனவர்கள். புடாபெஸ்டிலிருந்து வியன்னா போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். இருபது ஆண்டு கழித்து, 2015 ஆகஸ்ட் 27 அன்று, அதே வழியில் ஆஸ்திரிய எல்லைக்குள் பார்ன்டார்ஃப் அருகே ஒரு குளிர்பதன லாரி அனாதையாக நின்றது. உள்ளே 71 பேர், நால்வர் குழந்தைகள். எல்லாரும் இறந்திருந்தார்கள். லாரியின் வெளிப்புறத்தில் ஒரு கோழி இறைச்சிக் கம்பெனியின் பெயர். பார்ன்டார்ஃபைப் பற்றி உலகம் முழுதும் எழுதியது. கடத்தியவர்களில் முக்கியமான நால்வருக்கு ஹங்கேரி நீதிமன்றம் 2019இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஜியோரில் இறந்த பதினெட்டுப் பேரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நானே இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் அவர்களிடம் வந்து சேர்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வேறுபடும் இடங்களுக்கு வருகிறேன். முதலாவது, குற்றவாளி யார் என்பது. ஹோல்ட்வில்லில் விடை தெளிவு. அமெரிக்கச் சட்டப்படி, ஆளைக் கடத்தி அதனால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோகூடக் கிடைக்கலாம். சில வாரங்களில் ஒருவரைக் கைது செய்து வழக்கும் போட்டார்கள். அந்தத் தெளிவில் ஒரு வசதி இருக்கிறது: கடத்தியவரைக் காட்டிவிட்டால் கதவை மூடியவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஔரையாவில் அந்த வசதி இல்லை. லாரி உரிமையாளர்கள் மேல் வழக்கு வந்தது. வழியில் ஆக்ரா, மதுரா மாவட்டக் காவல் நிலையங்களின் பொறுப்பாளர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், லாரிகளை மறிக்காமல் விட்டதற்காக. மறித்திருந்தால் அந்த மக்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதை எந்த உத்தரவும் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வேலைக்கு வரவும் ஊர் திரும்பவும் பயணப்படியைத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தப் பொறுப்பை உதறிய ஒப்பந்தக்காரர்கள் எத்தனையோ பேர். ஔரையாவுக்காக அவர்களைத் தேடி எவரும் போனதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் 2022இல் மட்டும் 686 பேர் இறந்தோ காணாமலோ போனதாக ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு பதிவு செய்தது. நிலவழி எல்லைகளில் உலகத்திலேயே கொடியது அது என்றது. குறைவாகத்தான் எண்ணியிருக்கும், இருந்தாலும் எண்ணியது. நம் நாட்டில் 2020 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, ஊர் திரும்பிய ஒரு கோடியே நான்கு லட்சம் பேருக்குக் கணக்கு இருந்தது. வழியில் இறந்தவர்களுக்குத் தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் சொன்னது. மார்ச் முதல் ஜூன் வரை சாலை விபத்துகளில் 29,415 பேர் இறந்ததாக அதே கூட்டத்தொடரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. அதில் ஊர் திரும்பியவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லவில்லை. செய்திகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்து, மார்ச் 25 தொடங்கி மே 31 வரை 198 தொழிலாளர்கள் சாலை விபத்துகளில் இறந்தார்கள் என்று கணக்குச் சொன்னது சேவ்லைஃப் என்ற தொண்டு நிறுவனம்.

மூன்றாவதைச் சொல்லக் கை நடுங்குகிறது. ஔரையாவில் இறந்தவர்களின் உடல்களைத் தார்ப்பாயில் சுற்றி, விபத்தில் காயத்தோடு பிழைத்தவர்களையும் அவற்றோடு ஏற்றி, திறந்த லாரிகளில் ஜார்கண்டுக்கு அனுப்பினார்கள். மே மாத வெயில். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். முந்தின நாள் வரை பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தவரின் பிணத்துக்கு அருகில், கட்டுப்போட்ட கையோடு, மறுபடியும் ஒரு லாரியின் தளத்தில். படம் வெளியானதும் ஜார்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் இது மனிதத்தன்மையற்ற செயல் என்று பொதுவெளியில் கண்டித்தார்; பிறகுதான் பிரயாக்ராஜ் அருகே ஆம்புலன்ஸ்களுக்கு மாற்றினார்கள். லாரியில் போனதால் இறந்தவர்களைத் திரும்பவும் லாரியில் ஏற்றிய அந்த முடிவை யாரோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு எடுத்திருப்பார். லோடு என்று ஒருமுறை ஆகிவிட்டவரைச் சாவுகூட ஆள் கணக்குக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஹோல்ட்வில் ஊரின் கதை இந்த இடத்தில் வேறு மாதிரி. அங்கே இறந்தவர்களுக்குத் தூதரகங்கள் வழியே பேர் தேட வேண்டியிருந்தது. அதே ஊரில் டெரஸ் பார்க் என்றொரு கல்லறைத் தோட்டம் உண்டு. புல்வெளியும் மரங்களுமாக இருக்கும் முன்பகுதியைத் தாண்டிப் பின்னால் போனால் வெறும் மண். அதில் வரிசையாகச் செங்கல்கள். எல்லையைக் கடக்கும்போது பாலைவனத்திலும் கால்வாயிலும் இறந்த, பேர் தெரியாத சில நூறு பேர் அங்கே கிடக்கிறார்கள். பல செங்கல்களில் ‘ஜான் டோ’ என்றிருக்கிறது, பேர் தெரியாத ஆணுக்கு அவர்கள் வைக்கும் பேர். நம் பக்கத்தில் பேர் இருந்தது, ஊர் இருந்தது, சட்டைப் பையில் ஆதார் அட்டை இருந்தது, மரியாதை இல்லை. அவர்கள் பக்கத்தில் பேரே இல்லை. ஆனாலும் ஒரு ஆளுக்கு ஒரு கல் இருந்தது. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் செங்கல்லைப் பார்த்தபோது, பொகாரோவுக்குப் போன லாரிதான் என் கண்முன் வந்தது.

எல்லை தாண்டியவர் என்பதால்தான் இந்தக் கதி என்று நினைக்கிறவர்களுக்குக் கலிபோர்னியாவிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 1963 செப்டம்பர் 17 அன்று சுவாலர் என்ற ஊரில், பெஞ்சு போட்டு பஸ் ஆக்கிய ஒரு சரக்கு லாரிமேல் ரயில் மோதி 32 பண்ணைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவிலிருந்து அழைத்துவந்தவர்கள், கையில் காகிதம் உள்ளவர்கள். காகிதம் இருந்தும் சரக்கு வண்டிதான். 1999 ஆகஸ்டில் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் தக்காளி வயலிலிருந்து திரும்பிய வேன் ஒன்று, டிரெய்லர் லாரியில் மோதி 13 பேர் இறந்தார்கள். பெஞ்சுகளில் பெல்ட் இல்லை. ஹோல்ட்வில்லின் அதே எண், 13. ஆனால் ஃப்ரெஸ்னோவில் இறந்தவர்களை அந்த மாநிலம் தன் தொழிலாளர்கள் என்று எண்ணியது. பண்ணை ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொருவருக்கும் இருக்கையும் பெல்ட்டும் வேண்டும், வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று அந்த ஆண்டிலேயே சட்டம் கொண்டுவந்தது. ஹோல்ட்வில்லுக்குப் பிறகு பேச்செல்லாம் வேலியை எப்படி அடைப்பது என்பதைப் பற்றித்தான். ஒரே மாநிலம், வயல்களுக்கு நடுவே ஒரே மாதிரி மோதல், ஒரே எண்ணிக்கை. யார் என்று எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துப் பாடமும் மாறிவிடுகிறது.

இதையெல்லாம் கப்பலூரில் நின்று ஏன் சொல்கிறேன்? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கணக்கெடுக்கும் நாளில் ஆஜராகாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் வாழ்க்கை அது. முப்பது ஆண்டுக்கு மேல் அப்படி இருந்தவர்களிடம் ஒருவர் வந்து ‘கனடா’ என்று சொன்னால் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2021 ஜூனில் மதுரைப் பக்கம் 23 இலங்கையரைக் கியூ பிரிவு போலீசார் பிடித்தார்கள். கனடாவுக்கு அனுப்புவதாக ஏஜென்ட் சொன்னதை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். அதே நாட்களில் மங்களூரில் 38 பேர் பிடிபட்டார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. எல்லை என்றால் ராமேசுவரத்தோடு முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். அது நம் பைபாஸ் வரை வந்து, வாடகை அறைகளில் தங்கி, ராத்திரி வண்டிகளில் ஏறிப் போகிறது. அவர்கள் பிடிபட்டது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஜியோர் லாரியில் ஏறியவர்களும் ஒரு ஏஜென்டின் வாக்கை நம்பித்தான் ஏறினார்கள்.

ஹோல்ட்வில் விபத்துக்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்பு, 2021 பிப்ரவரி 16 காலையில், தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன சரக்கு வாகனம் ஓடையில் கவிழ்ந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். அங்கே வேலி இல்லை, கடத்தல்காரர் இல்லை, தொற்றுநோய் உத்தரவு இல்லை. வீட்டிலிருந்து வயலுக்குப் போகும் வழி அவ்வளவுதான். இதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்காவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தப் பெண்களும் ஜீப்பைக் கண்டால் குனிகிறவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 194ஏ பிரிவு, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் கூடுதலான ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதமும் தலைக் கணக்குதான். ஆனால் அதே பிரிவில் ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது: கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்த பிறகுதான் வண்டி நகரலாம். மாற்று வாகனம் ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை. இறக்கிவிட்டு நடக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். விபத்து நேர்ந்தால் இன்னொரு சிக்கல். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் சொன்னது. சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய ஆளும் அதில் போகலாம், அவர்களுக்குக் காப்பீடு உண்டு. களைக்கொத்து வைத்திருக்கும் பெண் அந்த இரண்டு வகையிலும் வரமாட்டார். தீர்ப்பில் சட்ட ரீதியாகத் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதன் விளைவு, மூட்டையின் சொந்தக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு களையெடுக்கப் போகிறவருக்கு இல்லை.

அன்று ஜீப் போனதும் தார்ப்பாய் விலகியது. தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா தண்ணீர் கேட்டார். கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஏக்கா, பஸ்ஸுல போகலாம்ல? பொம்பளையாளுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட்டே இல்லையே.”

“டிக்கெட் இல்லதான் தம்பி. பஸ்ஸும் இல்லையே. எங்க பக்கம் மொத பஸ் ஆறே முக்காலுக்கு. ஆறு மணிக்குக் காட்டுல எறங்கலைன்னா அரை நாள் கூலிதான்.”

“வண்டிக்கு எவ்வளவு?”

“தலைக்கு முப்பது. ஆளக் கூட்டிட்டுப் போறவரு கூலியிலேயே பிடிச்சுக்கிருவாரு.”

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ லட்சம் வீடுகளில் அது விளக்கேற்றிய திட்டம். நான் மனதார வணங்குகிறேன். அந்த அக்காவும் அதன் பயனாளிதான், காகிதத்தில். ஊருக்குள் வரும் முதல் பஸ்ஸின் நேரத்துக்கும் வயலில் ஆள் கணக்கு எடுக்கும் நேரத்துக்கும் நடுவே இருக்கும் முக்கால் மணி நேரம், அவரைக் காசு கொடுத்துச் சரக்கு வண்டியில் ஏற வைக்கிறது.

டிரைவர் வந்து பின்கதவுச் சங்கிலியை மாட்டினார். வண்டி டோல்கேட்டைப் பார்த்துக் கிளம்பியது. அந்த அக்கா சொன்ன நேரம் சரிதானா என்று பார்க்கலாம் என, அவர்கள் ஊர்ப்பக்கம் பிரியும் சாலை முனைக்கு நடந்துபோய் நின்றேன். ஆறே முக்கால் தாண்டிப் பத்து நிமிடத்தில் பஸ் வந்தது. டிரைவர், கண்டக்டர் நீங்கலாக உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.